படிகளை எண்ணிய மனிதர்

இத்தாலி நாட்டில் மிலான் என்று ஒரு நகரம் உண்டு. அந்த நகரின் நடுவே, வெள்ளைச் சலவைக் கல்லால் கட்டிய மிகப் பெரிய மாதா கோவில் இருக்கிறது. அதன் கூரை மேல் ஏறி நின்று பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும். வானம் தெளிவாக இருந்தால், தொலைவில் ஆல்ப்ஸ் மலையின் பனிச் சிகரங்களும் தெரியும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு நாள், அந்தக் கோவிலைப் பார்க்க ஜெர்மன் பிரபு ஒருவர் வந்தார். கிஸ்பர்ட் வான் வின்கே என்பது அவர் பெயர். கூரைக்குச் செல்லும் படிக்கட்டில் அவர் ஒரு விசித்திரமான காட்சியைக் கண்டார்.

ஒரு மனிதர் படியேறிக்கொண்டிருந்தார். அவர் சுவரைப் பார்க்கவில்லை. சிற்பத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் ஏறுவார். நிற்பார். மேல்சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பட்டாணியை எடுப்பார். அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மறுபடியும் ஏறுவார். மறுபடியும் நிற்பார். மறுபடியும் ஒரு பட்டாணி!

இறங்கும்போதும் இதே வேலைதான். ஆனால் இந்தத் தடவை பட்டாணிகள் கால்சட்டைப் பையிலிருந்து மேல்சட்டைப் பைக்குத் திரும்பின.

பார்த்த பிரபுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் அவருக்கு விவரம் தெரிந்தது. அந்த மனிதர் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்! 20 படிக்கு ஒரு பட்டாணி. எண்ணிக்கை தவறிப்போகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஏறும்போது எண்ணியது சரிதானா என்று இறங்கும்போது ஒரு முறை சோதனை.

எதற்காக இவ்வளவு பாடு? இனிமேல் அந்தக் கோவிலைப் பார்க்க வரப்போகிறவர்களுக்காக! எத்தனை படி ஏற வேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ஏற முடியுமா, முடியாதா என்று வயதானவர்கள் கீழே இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளலாம் அல்லவா?

அந்த மனிதரின் பெயர் கார்ல் பேடெக்கர். உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் வழிகாட்டிப் புத்தகங்களுக்குத் தம் பெயரையே கொடுத்துவிட்டுப் போனவர்.

அச்சுக்கூடத்துப் பிள்ளை

ஜெர்மனியில் எஸ்ஸன் என்று ஒரு நகரம் இருக்கிறது. பிற்காலத்தில் அது இரும்புக்கும் நிலக்கரிக்கும் பேர்போன பெரிய தொழில் நகரமாயிற்று. 1801-ல் அது சிறிய ஊர். அந்த ஆண்டு நவம்பர் 3-ந் தேதி கார்ல் அங்கே பிறந்தார்.

அவர் குடும்பத்தில் பரம்பரையாக அச்சுத் தொழில். தந்தை காட்ஷால்க் பேடெக்கர் அச்சுக்கூடம் வைத்திருந்தார். புத்தகங்கள் வெளியிட்டார், விற்றார், பத்திரிகையும் நடத்தினார். வீட்டில் 10 குழந்தைகள். கார்ல்தான் மூத்த பிள்ளை.

அச்சு மையின் வாசனையிலேயே வளர்ந்த பையனுக்கு, வேறு தொழிலில் மனம் போகுமா? 1817-ல் அவர் ஹைடல்பர்க் நகருக்குப் படிக்கப் போனார். படித்துக்கொண்டே அங்கிருந்த ஒரு புத்தகக் கடையிலும் வேலை செய்தார். பிறகு ராணுவ சேவை. அதன் பின் பெர்லின் நகரில் ரைமர் என்ற பெரிய பதிப்பாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். புத்தகத்தை எப்படித் தயாரிப்பது, எப்படி விற்பது என்பதையெல்லாம் அங்கே கற்றார்.

சில காலம் ஊருக்குத் திரும்பித் தந்தையோடு வேலை செய்தார். ஆனால் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. 1827-ல், தம் 25-ஆம் வயதில், கோப்லென்ஸ் என்ற நகருக்குப் போய்ச் சொந்தமாகப் புத்தகக் கடையும் பதிப்பகமும் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திருமணம். மனைவியின் பெயர் எமிலி. எஸ்ஸன் நகர நீதிபதி ஒருவரின் மகள்.

அவர் கோப்லென்ஸ் நகருக்கு வந்த நேரம் நல்ல நேரம்!

நதியில் வந்த புதுமை

கோப்லென்ஸ் ஒரு கூடுதுறை. ரைன் என்ற பெரிய நதியும் மோசெல் என்ற நதியும் அங்கேதான் ஒன்று சேர்கின்றன. ரைன் நதியின் இரு கரையிலும் மலைகள். மலைச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள். மலை உச்சியில் பாழடைந்த பழைய கோட்டைகள். பார்க்கப் பார்க்கத் திகட்டாத காட்சி.

ஆனால் அந்தக் காலத்தில் ஊர் பார்க்கப் போவது என்பது பணக்காரர்களின் வேலை. குதிரை வண்டியில் நாள்கணக்காகப் போக வேண்டும். படகில் போனால், ஆற்றின் போக்கை எதிர்த்துச் செல்லும்போது குதிரைகளைக் கட்டி இழுக்க வேண்டும். காசும் செலவு; காலமும் செலவு.

1827-ல், பேடெக்கர் கடை திறந்த அதே ஆண்டில், கொலோன் நகருக்கும் மைன்ஸ் நகருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்தன. சுமார் 190 கிலோ மீட்டர் தூரம். நடுவில் கோப்லென்ஸ்! பேடெக்கரின் கடை இருந்த ஊரில் நாள்தோறும் புதுப் பிரயாணிகள் வந்து இறங்கினார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1835-ல், ஜெர்மனியின் முதல் ரெயில் ஓடியது. அதன் பிறகு கேட்க வேண்டுமா? வியாபாரி போனார். ஆசிரியர் போனார். குடும்பத்தோடு போனார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரு வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு, சேர்த்து வைத்த காசோடு வெளியூர் பார்க்கப் புறப்பட்டார்கள்.

அவர்களுக்குக் காத்திருந்தது என்ன?

கரையிலேயே காத்திருந்த ஆபத்து

கப்பலை விட்டு இறங்கியவுடன் ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்ளும். பெட்டியைத் தூக்க ஒருவர். வண்டிக்கு அழைக்க ஒருவர். ஓட்டலுக்கு இழுக்க இன்னொருவர். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கையைப் பிடிக்க வேறொருவர்.

பெட்டி தூக்குவதற்கு என்ன கூலி? தெரியாது. வண்டிக்கு என்ன வாடகை? தெரியாது. எந்த ஓட்டல் நல்ல ஓட்டல்? தெரியாது. கேட்டதைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

காசு விஷயம் இன்னும் மோசம். அப்போது ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. ஓர் அரசில் தாலர் என்ற நாணயம். இன்னோர் அரசில் குல்டன் என்ற நாணயம். ஒன்றுக்கு மற்றொன்று எத்தனை என்று தெரியாதவர் கடைக்குக் கடை ஏமாந்தார்.

கூலிக்கு வரும் வழிகாட்டிகள், எதைக் காட்டினால் தங்களுக்கு இனாம் கிடைக்குமோ அதைத்தான் காட்டுவார்கள். பிரயாணியைத் தங்களுக்குத் தரகு கொடுக்கும் கடைக்கே அழைத்துப் போவார்கள். பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய இடத்துக்கு வண்டி வைத்துச் சுற்றி அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

ஒரு வாரம் ஊர் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவரிடம், பார்த்த இடங்களின் நினைவைவிட ஏமாந்த இடங்களின் நினைவே அதிகம் இருக்கும்!

இதையெல்லாம் பேடெக்கர் தம் கடை இருந்த ஊரிலேயே கண்டார். பிரயாணியின் சட்டைப் பையில் உண்மையைச் சொல்லும் ஒரு புத்தகம் இருந்துவிட்டால், அவர் யாருடைய கையையும் எதிர்பார்க்க வேண்டாமே என்று அவர் எண்ணினார். அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே எண்ணத்தில் போயிற்று.

நொடித்துப்போனவரின் புத்தகம்

1832-ல் ஒரு வாய்ப்பு வந்தது.

கோப்லென்ஸ் நகரில் ராலிங் என்ற பதிப்பாளர் இருந்தார். அவர் தொழில் நொடித்துப் போயிற்று. அந்தப் பதிப்பகத்தை பேடெக்கர் வாங்கினார். அதோடு ஒரு புத்தகமும் அவர் கைக்கு வந்தது. மைன்ஸ் முதல் கொலோன் வரை ரைன் நதிப் பயணத்தைப் பற்றிய நூல் அது. கிளைன் என்ற பேராசிரியர் எழுதியது. 1828-ல் வெளிவந்தது. விரைவாகப் பயணம் செய்கிறவர்களுக்கான கைநூல் என்று அதன் அட்டையிலேயே போட்டிருந்தது.

பேராசிரியர் கிளைன் 1831-லேயே காலமாகிவிட்டார். நூலில் வரலாறு இருந்தது, கதைகள் இருந்தன, கோட்டைகளின் பெருமை இருந்தது. ஆனால் கப்பலை விட்டு இறங்கி நிற்கும் மனிதருக்கு உடனே வேண்டியது போதிய அளவு இல்லை.

பேடெக்கர் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். திருத்தினார். சேர்த்தார். வெட்டினார். 1835-ல் புதிய பதிப்பு வந்தது. எங்கே தங்கலாம், என்ன செலவாகும், எப்படிப் போகலாம், எதைப் பார்க்கலாம் என்ற விவரங்கள் அதில் இடம்பெற்றன. அடுத்த பதிப்புகளில் அவை மேலும் மேலும் பெருகின.

பேராசிரியர் எழுதிய நூல் கொஞ்சம் கொஞ்சமாக பேடெக்கரின் நூலாக மாறிவிட்டது!

காலால் எழுதிய நூல்கள்

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வந்தன. 1839-ல் ஹாலந்து, பெல்ஜியம் நாடுகளுக்கு வழிகாட்டி. 1842-ல் ஜெர்மனியும் ஆஸ்திரியப் பேரரசும். 1844-ல் சுவிட்சர்லாந்து. 1855-ல் பாரிஸ் நகரம். அந்த ஆண்டுதான் பாரிஸில் பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது.

இந்த நூல்களுக்காக அவர் மேசை முன் உட்கார்ந்து, பிறர் எழுதியதைப் பார்த்துப் பார்த்து எழுதவில்லை. கோடைக்காலம் வந்தால் புறப்பட்டுவிடுவார். கப்பலில் போவார். ரெயிலில் போவார். மலைப் பாதைகளில் நடந்தே போவார். ஓட்டல்களில் சாதாரணப் பிரயாணியைப் போலத் தங்குவார். தாம் யார் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஏன் சொல்வதில்லை? காரணம் எளிது. தெரிந்துவிட்டால் ஓட்டல்காரர் நல்ல அறையைக் கொடுப்பார், நல்ல சாப்பாடு போடுவார், பில்லைக் குறைப்பார். பிறகு அந்த ஓட்டலைப் பற்றி உண்மையாக எழுத முடியுமா? தம் புத்தகத்தை வாங்கும் சாமானியருக்கு என்ன அறை கிடைக்குமோ, அதையே தாமும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஒரு தடவை பார்த்து எழுதியதோடு வேலை தீர்ந்துவிடாது. கப்பல் புறப்படும் நேரம் மாறும். புது ரெயில் பாதை வரும். நன்றாக இருந்த ஓட்டல் கை மாறிக் கெட்டுப்போகும். ஆகவே மறுபடியும் போவார், மறுபடியும் பார்ப்பார், அடுத்த பதிப்பில் திருத்துவார். பழைய பதிப்பையே மறுபடி அச்சிட்டு விற்றால் லாபம் அதிகம். பேடெக்கர் அந்த வழிக்குப் போகவில்லை.

அவருடைய நூல்களின் அமைப்பும் தனி. ஊர்களை அகராதி போல அடுக்கிவைக்காமல், போகும் பாதையின் வரிசையில் எழுதினார். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எப்படிப் போவது, வழியில் வலப்பக்கம் என்ன தெரியும், இடப்பக்கம் என்ன தெரியும் என்று கூடவே நடந்து வரும் நண்பரைப் போல அந்த நூல் சொல்லிக்கொண்டே வரும். நல்ல வரைபடங்களும் உண்டு. கையில் பிடித்துக்கொள்ளவும் பையில் போட்டுக்கொள்ளவும் ஏற்ற அளவு.

ஒரு நட்சத்திரம்

பிரயாணிக்கு எப்போதும் நேரம் குறைவு. ஓர் ஊரில் பார்க்க வேண்டியவை 50 இருக்கும். இருப்பதோ ஒரே ஒரு பகல். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இதற்கு ஒரு வழியை பேடெக்கர் 1840-களின் நடுவில் கையாண்டார். கட்டாயம் பார்க்க வேண்டிய இடத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சிறு நட்சத்திரக் குறி! நல்ல ஓட்டல்களுக்கும் அப்படியே. பிற்காலத்தில், மிக மிகச் சிறந்தவற்றுக்கு இரண்டு நட்சத்திரம். அதற்கு மேல் கிடையாது.

இப்படி அடையாளம் போடும் எண்ணம் முழுவதும் அவருக்கே சொந்தமானது அல்ல. மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலப் பெண்மணி, அதற்கு முன்பே தம் பயண நூலில் நல்ல ஓவியங்களுக்கு ஆச்சரியக் குறிகள் போட்டு வந்தார். ஆனால் பேடெக்கரின் நட்சத்திரம்தான் மக்கள் மனத்தில் நின்றது. ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் இப்போது உலகம் முழுவதும் இருக்கிறது. அந்த வழக்கத்துக்கு வித்திட்டவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு நட்சத்திரம் கிடைத்தால் ஓட்டலுக்குக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் பணம் கொட்டும். அப்படியானால் ஓட்டல்காரர்கள் சும்மா இருப்பார்களா?

பேடெக்கர் ஒரு கதவை அடைத்துவைத்தார். அவர் நூல்களில் விளம்பரம் கிடையாது! காசு கொடுத்து யாரும் அதில் இடம்பிடிக்க முடியாது. பிரயாணிகளிடம் நேர்மையாக நடந்துகொள்வதுதான் ஓட்டல்காரருக்கும் கடைக்காரருக்கும் ஒரே சிபாரிசு என்ற அறிவிப்பு, பின்னால் வந்த அவர் நிறுவனத்து நூல்களின் முன்னுரையிலும் தொடர்ந்து இடம்பெற்றது.

விளம்பரப் பணத்தை வேண்டாம் என்பது ஒரு வியாபாரிக்கு எளிதான காரியமா? ஆனால் அந்தப் பணத்தை விட்டதால்தான் மக்கள் நம்பினார்கள். நம்பியதால்தான் வாங்கினார்கள்.

போட்டியாளருக்கு நன்றி

லண்டனில் ஜான் மர்ரே என்ற புகழ்பெற்ற பதிப்பாளர் இருந்தார். அவர் 1836-ல் ஐரோப்பியப் பயணிகளுக்கான கைநூல் ஒன்றை வெளியிட்டார். அது மிக நல்ல நூல். ஆங்கிலேயப் பிரயாணிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டே ஐரோப்பாவைச் சுற்றினார்கள்.

பேடெக்கர் அதைப் படித்தார். அதன் சிறப்பை உணர்ந்தார். அதிலிருந்து பலவற்றைக் கற்றுக்கொண்டார். பின்னர் தம் நூல்களுக்குச் சிவப்பு அட்டை போட்டதும் மர்ரேயின் நூல்களைப் பார்த்துத்தான்.

எடுத்துக்கொண்டதை அவர் மறைத்தாரா? இல்லை. மர்ரேயின் நூலிலிருந்து தாம் பெற்ற உதவியைத் தம் முன்னுரையில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நூலைப் புகழவும் செய்தார். போட்டியாளரைப் புகழ்ந்து எழுதும் வியாபாரிகள் எத்தனை பேர்?

57 வயதில் முடிவு

கோடையில் ஊர் ஊராக அலைச்சல். மற்ற மாதங்களில் எழுத்து வேலை, அச்சு வேலை, கடை வேலை. ஒவ்வொரு விவரத்தையும் தாமே பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் வேறு. உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

1859-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, கோப்லென்ஸ் நகரில் கார்ல் பேடெக்கர் காலமானார். அப்போது அவருக்கு வயது 57. ஓயாத உழைப்பே அவர் ஆயுளைக் குறைத்தது என்று சொல்வார்கள். எத்தனையோ பேருக்கு ஓய்வு நாளில் மகிழ்ச்சி தந்த மனிதர், தமக்கு ஓய்வு எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் காலத்தில் நூல்கள் ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும்தான் வந்தன. ஐரோப்பாவை விட்டு வெளியே அவை போகவில்லை. உலகத்தைச் சுற்றி வரும் வேலையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

மகனைப் பலிகொண்ட நூல்

மூத்த மகன் எர்ன்ஸ்ட் பொறுப்பேற்றார். 1861-ல் ரைன் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அடுத்து எகிப்து நாட்டுக்கு ஒரு வழிகாட்டி எழுத வேண்டும் என்று விரும்பினார். தந்தை சொல்லிக்கொடுத்த வழி ஒன்றுதானே? தாமே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்!

எகிப்துக்குப் போனார். அந்த நாட்டு வெயில் அவரைத் தாக்கியது. அதே 1861-ல் அவர் அங்கே உயிர் துறந்தார். தந்தை இறந்து இரண்டே ஆண்டுகள். எர்ன்ஸ்டுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

குடும்பம் மனம் தளரவில்லை. தந்தையின் பெயரையே தாங்கிய அடுத்த மகன் கார்ல் தொழிலை ஏற்றார். 1869-ல் தம்பி ஃபிரிட்ஸ் கூட்டாகச் சேர்ந்தார். 1872-ல் நிறுவனம், புத்தகத் தொழிலுக்குப் பேர்போன லைப்சிக் நகருக்கு மாறியது.

1875-ல் பாலஸ்தீனம், சிரியா நூல் வந்தது. 1877-ல் எகிப்து நூலின் முதல் பகுதியும் வந்தது. அண்ணன் உயிரைக் கொடுத்த நூல் 16 ஆண்டுகள் கழித்துத் தம்பிகள் கையால் வெளிவந்தது!

1893-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகள். 1914-ல் இந்தியா. இலங்கை, பர்மா, ஜாவா முதலிய இடங்களும் அந்த இந்திய நூலில் அடக்கம். தென்னிந்தியாவைக் காணக் கப்பலேறிய ஜெர்மானியர் கையில் அந்தச் சிவப்பு நூல் இருந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் மொழியில் வந்த அந்த நூல் ஆங்கிலத்தில் வராமலே போயிற்று.

பெயரே பொருளாயிற்று

சில மனிதர்களின் பெயர் அவர்கள் செய்த பொருளுக்கே பெயராகிவிடுகிறது. பேடெக்கருக்கும் அந்தப் பெருமை கிடைத்தது. ஐரோப்பாவில் பயண வழிகாட்டி நூல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பேடெக்கர் என்றே சொன்னார்கள். ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1908-ல் ஒரு நாவல் எழுதினார். அதில் கதாநாயகி, பேடெக்கர் கையில் இல்லாமல் பிளாரன்ஸ் நகரத்துக் கோவிலில் தவிப்பதாகவே ஓர் அத்தியாயம் வைத்தார்!

ஜெர்மன் சக்கரவர்த்தி முதலாம் வில்ஹெல்மைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். பெர்லின் அரண்மனையில், பகல் 12 மணிக்குக் காவல் மாறும் நேரத்தில், அவர் தவறாமல் சன்னல் அருகே வந்து நிற்பாராம். என்ன அவசர வேலை இருந்தாலும் விட்டுவிட்டு எழுந்து வருவாராம். காரணம், அந்த நேரத்தில் சக்கரவர்த்தியைச் சன்னலில் பார்க்கலாம் என்று பேடெக்கர் நூலில் போட்டிருக்கிறதே! நூலை நம்பி வந்து நிற்கும் மக்களை ஏமாற்றக் கூடாது என்பது அவர் எண்ணமாம்.

கதை உண்மையோ, கற்பனையோ! அந்த நூலின் மேல் மக்கள் வைத்திருந்த நம்பிக்கை உண்மை.

அந்த நூல்களில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. வசதியுள்ள ஐரோப்பியரை மனத்தில் வைத்து எழுதியவை அவை. கீழை நாடுகளைப் பற்றிய நூல்களில், அந்த நாட்டு மக்களைச் சற்றுத் தாழ்வாகப் பார்க்கும் பார்வை சில இடங்களில் தலைகாட்டும். படிகளைச் சரியாக எண்ணுவது ஒன்று. மனிதரைச் சரியாக எடைபோடுவது வேறொன்று.

நட்சத்திரமும் வெடிகுண்டும்

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1942 மார்ச் மாத முடிவில், ஜெர்மனியின் பழம்பெரும் நகரமான லூபெக் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. நாஜிகள் பழிவாங்கத் துடித்தார்கள். இங்கிலாந்தில் பேடெக்கர் நூல் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கும் கட்டடங்களையெல்லாம் அழிப்போம் என்று நாஜிப் பிரசாரகர் ஒருவர் மிரட்டினார். மூன்று நட்சத்திரம் என்பதே அந்த நூலில் கிடையாது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை!

அந்த ஏப்ரல் முதல், எக்ஸிடர், பாத், நார்விச், யார்க், கான்டர்பரி ஆகிய அழகான பழைய நகரங்கள் மீது குண்டுகள் விழுந்தன. 1,600-க்கு மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். அந்தத் தாக்குதல்களுக்கு வரலாற்றில் என்ன பெயர் தெரியுமா? பேடெக்கர் தாக்குதல்கள்!

வந்து பார்த்து மகிழுங்கள் என்று சொல்வதற்காகப் போட்ட நட்சத்திரம், அழிவுக்கு அடையாளமாகப் பேசப்பட்டது. கல்லறையில் துயின்ற கார்ல் பேடெக்கருக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய களங்கமும் வந்தது. 1943-ல், நாஜிகள் பிடித்து வைத்திருந்த போலந்துப் பகுதிக்கு பேடெக்கர் நிறுவனம் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. சில ஊர்களில் இப்போது யூதர்கள் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. ரெயில் நேரத்தைச் சொல்வது போல அந்தச் செய்தி! அந்த மக்கள் எங்கே போனார்கள்? லட்சக்கணக்கில் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதைப் பற்றி நூலில் ஒரு வார்த்தை இல்லை. ஒரு கோவிலின் படியைக்கூடத் தவறாகச் சொல்லக் கூடாது என்று நினைத்தவரின் பெயர் அந்த நூலின் அட்டையில் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், லைப்சிக் நகர் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. பேடெக்கர் நிறுவனத்தின் கட்டடம் எரிந்தது. பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளும் ஏடுகளும் சாம்பலாயின.

மறுபடியும் முதல் படி

எல்லாம் முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் கார்ல் பேடெக்கரின் கொள்ளுப் பேரர் ஒருவர் இருந்தார். அவர் பெயரும் கார்ல்தான்; கார்ல் ஃபிரீட்ரிக் பேடெக்கர். போர் முடிந்த மூன்றாம் ஆண்டு, 1948-ல், அவர் மறுபடியும் ஒரு சிறு வழிகாட்டி நூலை வெளியிட்டார். எந்த ஊருக்குத் தெரியுமா? தங்கள் குடும்பத்தின் நிறுவனம் எரிந்து சாம்பலான அதே லைப்சிக் நகருக்கு!

கொள்ளுத் தாத்தாவைப் போலவே, அவரும் ஒரே ஒரு நூலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு மோட்டார் காரில் போகிறவர்களுக்கான நூல்கள் வந்தன. நிறுவனம் காலப்போக்கில் கை மாறியது. ஆனாலும் பேடெக்கர் என்ற பெயரில் பயண நூல்கள் இன்றும் வெளிவருகின்றன.

முன்பின் தெரியாத ஊரில் போய் இறங்கும்போது மனத்தில் ஒரு கலக்கம் வரத்தான் செய்யும். யாரை நம்புவது என்று தெரியாது. கையில் நாலு காசுதான் இருக்கும். கூடவே பெண்டு பிள்ளைகள் இருப்பார்கள். அந்த நேரத்தில், உண்மையைச் சொல்லும் ஒரு வரி கிடைத்தால் அது எவ்வளவு பெரிய உதவி!

அந்த ஒரு வரியை எழுதுவதற்காகத்தான் கார்ல் பேடெக்கர் ஊர் ஊராக நடந்தார். அவர் நூலை யார் வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர்கள் முகத்தை அவர் பார்த்ததில்லை. இருந்தும் அவர்களுக்காக, பட்டாணியைப் பையில் போட்டுக்கொண்டு படி எண்ணினார். ஏறும்போது ஒரு முறை; இறங்கும்போது மறு முறை.